அலாரம் அக்கா கொடுத்த கால் மணி நேரம்

அந்தத் தரகு நிறுவனத்தின் இரண்டாம் தளத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை வாடிக்கையாளர்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும். காலையில் அந்தக் குரல் போனில் வந்தால் கணக்கில் ஆபத்து என்று அர்த்தம். அவர்களாகவே அவளுக்கு அலாரம் அக்கா என்று பெயர் வைத்தார்கள். அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சம்பள ரசீதில் இருக்கும் பெயரை யாராவது சத்தமாகப் படித்தால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. அது தெரிந்தால்தான் அவள் வேலை என்னவென்று புரியும். நூறு மதிப்புள்ள செம்பையோ எண்ணெயையோ வாங்க நூறும் கையில் இருக்க வேண்டியதில்லை. பத்து வைத்தால் போதும், மொத்தச் சரக்கும் உங்கள் பெயரில் நிற்கும். விலை ஐந்து ஏறினால் பத்து பதினைந்தாகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை ஐந்து இறங்கினால், வைத்த பத்தில் பாதி போய்விடும். பாதி போனதும் அலாரம் அக்கா போன் செய்வாள். மூன்றே வாக்கியம்.

“உங்க கணக்குல பணம் குறையுதுங்க. பதினோரு மணிக்குள்ள போடணும். போடலைன்னா நாங்களே முடிச்சிடுவோம்.”

முடிப்பது என்றால், வாடிக்கையாளர் வாங்கியதை அன்றைய விலைக்கே விற்றுவிடுவது. பதினோரு மணிக்கு அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். அவ்வளவுதான்.

யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது கட்டாய விதி. பேசுவது எல்லாம் பதிவாகிறது. லாரி ஓட்டுகிற ஒருவர் ஒருமுறை, “அக்கா, உங்க வீட்டு ஆளா நினைச்சு சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். “அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க” என்றாள். அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அழுதார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒவ்வொரு கணக்கை முடித்த பிறகும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். பதினொரு வருடத்தில் அது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. இப்போது எதிர்முனையில் ஆள் கத்திக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சுப் பழத்தைத் தோல் பிய்யாமல் ஒரே சுருளாக உரிக்க அவளால் முடியும். வீட்டில் அம்மா, “என்னடி உன் பேச்சு, உப்புச் சப்பே இல்லாம?” என்பாள். “வேலை அப்படிம்மா” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரு தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஒன்பது வருடமாக அதே கடை, அதே இயந்திரம். சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவன் ஆசை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஓர் அறை காலியாக இருந்தது. அறைக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். ஏழு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனும் அவன் மனைவியும் சேர்த்ததில் முக்கால்வாசி தேறியது. மிச்சத்துக்கு வருடக் கடைசி வரை காத்திருக்கிறேன் என்று அறைக்காரர் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்து அம்மாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

“அக்கா, எனக்கு உங்க ஆபீஸ்ல ஒரு கணக்கு தொடங்கிக் குடு.”

“வேண்டாம்.”

“காரணம் சொல்லு.”

“தினம் காலையில நான் போன் பண்ற ஆளுங்கதான் காரணம்.”

“நீ போன் பண்ற ஆளுங்களை மட்டும்தான் உனக்குத் தெரியும். போன் வராத ஆளுங்களும் இருப்பாங்கல்ல?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

“நீ இல்லேன்னா வேற கம்பெனி. நாலு பேர் கூப்பிட்டுட்டே இருக்காங்க” என்றான்.

வேறு இடத்துக்குப் போய் விழுவதைவிடக் கண் முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“மூணு விஷயம் எழுதணும். ஏன் வாங்குறே, எங்க வெளியே வருவே, எவ்வளவு போனாலும் பரவாயில்லை. வாங்குறதுக்கு முன்னாடி எழுது. வாங்கின பிறகு எழுதினா பொய் சொல்லுவே.”

“யார்கிட்ட?”

“உன்கிட்டயேதான். அப்புறம், சேமிப்புல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல உள்ள கொண்டு வராதே. ஒரு லாட்டுக்கு மேல தொடாதே, லாட்னா ஒரு தடவைக்கு வாங்கக்கூடிய குறைஞ்சபட்ச அளவு. முதல் மூணு மாசம் சம்பாதிக்கிறதுக்கு இல்ல. தப்பு பண்ணினா உனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு பார்க்கிறதுக்கு.”

“பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கு.”

“ஸ்டாப் லாஸை மனசுல போடாதே, சிஸ்டத்துல போடு. இந்த விலைக்கு வந்தா வித்துடுன்னு முன்னாடியே சொல்லி வெச்சுடணும். போட்ட பிறகு அதைக் கீழே நகர்த்தக் கூடாது. எது நடந்தாலும்.”

தம்பி பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தான். “இதையெல்லாம் சொல்றதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?”

“சொல்லாம இருக்கிறதுக்குத்தான் சம்பளம்.”

ஊழியரின் உறவினர் கணக்கு என்று படிவம் எழுதிக் கொடுத்தாள். அப்படிப்பட்ட கணக்கைப் பக்கத்து மேசைக்காரன்தான் பார்க்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். பக்கத்து மேசைக்காரனுக்கு ஜோசியர் என்று பட்டப்பெயர். விலை ஏறும் என்று அவன் சொன்னால் அந்தத் தளமே சிரித்துக்கொண்டு விற்கும்.

முதல் மூன்று வாரம் தம்பி பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி நோட்டு எழுதினான். செம்பு மட்டும் வாங்கினான். கொஞ்சம் வந்தது, கொஞ்சம் போனது. நான்காவது வாரம் இரண்டு முறை ஒரே மாதிரி நடந்தது. விலை சரியாக அவன் ஸ்டாப் லாஸ் வரைக்கும் இறங்கி, அவனை வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் ஏறிக்கொண்டே போனது.

“யாரோ என் ஸ்டாப்பையே பார்த்துட்டு இருக்காங்க அக்கா” என்று போனில் புலம்பினான்.

“உன்னைப் பார்க்க அங்க யாருக்கும் நேரமில்லடா.”

“ரெண்டு தடவையும் பொறுத்திருந்தா லாபம். கையில வந்ததை நானே தட்டி விட்டிருக்கேன்.”

“அது அப்படித்தான். நோட்டுல எழுதிட்டுப் போய் லென்ஸைத் தேய்.”

புதிதாக வருகிற எல்லோரும் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் தம்பியும் எல்லோரில் ஒருவன் என்பது மட்டும் அன்று அவளுக்கு உறைக்கவில்லை. மூன்றாம் முறை வாங்கியபோது அவன் ஸ்டாப் லாஸே போடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பணம் குறைந்தவர்களின் காலைப் பட்டியலில் ஏழாவது வரியில் அவன் கணக்கு எண் இருந்தது. வைத்ததில் பாதி போயிருந்தது. ஜோசியர் பல் பிடுங்கிக்கொள்ள விடுப்பில் போயிருந்தான். ஏழாவது வரியையும் அவளே கூப்பிட வேண்டியதாயிற்று.

“உங்க கணக்குல பணம் குறையுதுங்க” என்று ஆரம்பித்தாள். பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் கீச்சொலி கேட்டது.

“என்ன அக்கா, ‘ங்க’ போட்டுப் பேசுறே?”

“பதினோரு மணிக்குள்ள போடணும். போடலைன்னா நாங்களே முடிச்சிடுவோம்.”

வைத்துவிட்டாள். பத்து ஐம்பத்தெட்டுக்கு அவளுடைய சொந்த செல்போன் அடித்தது. அந்த போனில் பேசுவது பதிவாகாது.

“போட்டியா?”

“எங்கிருந்து போடுறது? மிச்சமெல்லாம் அவ பேர்ல வங்கியில இருக்கு, கேட்டா வீட்டை ரெண்டாக்கிடுவா. கால் மணி நேரம் குடு அக்கா. திரும்பும், எனக்கு நல்லாத் தெரியுது. ஒரு மாசச் சம்பளம் போகுதுக்கா.”

அவள் திரையில் எல்லாக் கணக்குக்கும் நேராக ஒரு சின்னக் கட்டம் உண்டு. வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டார், வந்து சேரத்தான் தாமதம் என்று உறுதியாகத் தெரிந்தால் அதில் ஒரு டிக் போடலாம். பதினைந்து நிமிடம் கிடைக்கும். வங்கி ரசீதைக் கண்ணால் பார்க்காமல் பதினொரு வருடத்தில் அவள் ஒருவருக்கும் அந்த டிக்கைப் போட்டதில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களுக்குக்கூடப் போடவில்லை.

டிக் போட்டாள். காரணம் என்ற இடத்தில் ‘பணம் வந்துகொண்டிருக்கிறது’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்தக் கால் மணி நேரம் அவளுக்குக் காது வரை இதயம் அடித்தது. உள்ளங்கை ஈரமாகி மவுஸ் வழுக்கியது. வெகு நாளைக்குப் பிறகு தனக்கு உடம்பென்று ஒன்று இருப்பதை உணர்ந்தாள். பதினொன்று ஒன்பதுக்குச் செம்பு நின்றது. பதினொன்று பன்னிரண்டுக்கு ஏற ஆரம்பித்தது, கெடு முடியும் முன் கணக்கு பாதிக்கு மேலே வந்துவிட்டது. இரண்டு மணிக்கு அவன் விற்று வெளியே வந்தபோது போன ஒரு மாதச் சம்பளம் திரும்பி, மேலே அரை மாதச் சம்பளம் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் தம்பி ஒரு கேக்கும், தன் கடையிலிருந்து அக்காவுக்கு ஒரு கண்ணாடிச் சட்டமும் எடுத்துக்கொண்டு மனைவியோடு வந்தான். நடந்ததை அம்மாவுக்கு நடித்தே காட்டினான். அவன் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா இன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது” என்றாள்.

அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னாள். “இன்னைக்கு நீ ஜெயிக்கலடா. தப்பிச்சே.”

“ரெண்டும் பணம்தானே அக்கா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையில் ஒரு துண்டு கேக் இருந்தது. அப்போதே நோட்டை எடுத்து வைத்து அவனைக் காய்ச்சியிருக்கலாம். செய்யவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று அவன் நோட்டில், ‘எங்கே வெளியே வருவேன்’ என்ற இடத்தில் ‘பொறுமை’ என்று எழுதினான். அதற்குப் பிறகு அந்த நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடமும் அவன் பொறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். எழுத்துப் பலகையைப் படிக்க வந்த ஒருவரிடம், “இறங்குறப்ப பயப்படக் கூடாது சார், அது நம்மளைச் சோதிக்கும், அப்புறம் திரும்பும்” என்றானாம். கடை முதலாளி உள்ளேயிருந்து, “நீ அவரோட கண்ணைப் பாருடா முதல்ல!” என்று கத்தியிருக்கிறார். இதையும் சிரித்துக்கொண்டே வந்து வீட்டில் சொன்னான்.

வருடக் கடைசி நெருங்கியது. ஒருநாள் ஜோசியர் நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான்.

“அக்கா, சொல்லலாமா கூடாதான்னு தெரியல. உன் தம்பி கணக்குக்குள்ள பெரிய தொகை வந்திருக்கு. மூணு லாட் வாங்கியிருக்கான். ஸ்டாப் இல்ல.”

“நீ செம்பு ஏறும்னு சொன்னியா அவன்கிட்ட?”

“சத்தியமா இல்லக்கா.”

“சொல்லியிருந்தாலாவது வித்திருப்பான்” என்றாள். ஜோசியர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் தம்பிக்கு போன் செய்தாள்.

“எல்லாத்தையும் உள்ள கொண்டு வந்துட்டியா?”

“அவகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். அவளே சரின்னா. அண்ணி இருக்காங்கல்லன்னா.”

“நாளைக்கே ரெண்டு லாட்டை வித்துடு. மிச்சத்துக்கு ஸ்டாப் போடு.”

“நீதானே அக்கா அன்னைக்கு, திரும்பும்னு…”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

“சொல்லல. செஞ்சே” என்றான். கோபமில்லை, நன்றியோடுதான் சொன்னான். “பத்து நாள் பொறு. கடை திறக்க நீதான் வரணும்.”

மூன்று நாள் தொடர் விடுமுறை வந்தது. அந்த மூன்று நாளுக்குள், எங்கோ ஒரு பெரிய சுரங்கத்தில் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி. செம்பு இனித் தாராளமாகக் கிடைக்கும். சந்தை திறந்த நிமிடமே விலை பள்ளத்தில் இருந்தது. நடுவில் நின்று விற்கப் படிகளே இல்லை.

பாதி போனால் பதினோரு மணி வரை கெடு உண்டு. முக்கால் பங்கு போய்விட்டால் கெடு கிடையாது, அப்போதே முடிக்க வேண்டும். இதுவும் விதிதான். தம்பியின் கணக்கில் அதற்கும் கீழே போயிருந்தது.

ஜோசியர் அவள் பக்கம் திரும்பினான். “அக்கா, தம்பி கணக்கு. நான்தான் பண்ணணும். நீ வேணும்னா கொஞ்சம் கீழே போய் டீ குடிச்சிட்டு வா.”

“தள்ளு” என்றாள்.

அவன் எழுந்து இடம் விட்டான். அவனுடைய திரையில், அவனுடைய விசைப்பலகையில், ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவள் மூன்று லாட்டையும் விற்றாள். காதில் இதயம் அடிக்கவில்லை. அன்று ஈரமான உள்ளங்கை இன்று காகிதம் மாதிரி காய்ந்திருந்தது.

சொந்த செல்போன் மேசையில் மூன்று முறை அதிர்ந்து ஓய்ந்தது. நான்காம் முறை எடுத்தாள்.

“அக்கா, அன்னைக்கு மாதிரி ஒரு கால் மணி நேரம்…”

“முடிச்சாச்சு.”

“மணி இன்னும் பதினொண்ணு ஆகலியே.”

“ஆகல.”

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதை நிறுத்தவில்லை. யாரோ அவனிடம், கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று கேட்டது அவளுக்குக் கேட்டது. “இதோ அஞ்சு நிமிஷம் சார்” என்று அவருக்குப் பதில் சொன்னான். பிறகு இவளிடம் “சரி” என்று மட்டும் சொல்லி வைத்தான்.

அவள் தன் இடத்துக்கு வந்து மற்ற வரிகளைக் கூப்பிட்டாள். அன்று பட்டியல் நீளம். மத்தியானம் பசித்தது, சாப்பிட்டாள். அழுகை வருமா என்று கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. முகம் கழுவாமலேயே திரும்பி வந்தாள்.

ஏழு வருடச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அறையை செல்போன் பழுது பார்க்கிற ஒருவர் எடுத்துக்கொண்டார். செம்பு அடுத்த இரண்டு நாளும் இறங்கியதால் அவளை ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தம்பி மனைவிகூட அழுது முடித்துவிட்டு, “நல்லவேளை அண்ணி, உடனே முடிச்சீங்க. இல்லேன்னா மேல கடனும் ஆகியிருக்கும்” என்றாள். யாராவது திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பதினொரு நாள் கழித்துத் தம்பி வந்தான். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அதே சமையலறை மேசை. கொஞ்ச நேரம் டம்ளரையே திருகிக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு.”

“ஏன் என்னை விட்டே?”

“விடலியே. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கே முடிச்சேனே.”

“இப்ப இல்ல. முதல் தடவை. அன்னைக்கே முடிச்சிருந்தா ஒரு மாசச் சம்பளத்தோட போயிருக்கும். ஒரு வாரம் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் நோட்டை எடுத்திருப்பேன்.”

அம்மா எதற்கோ பாத்திரத்தை உருட்டினாள்.

“நீ என் தம்பிடா” என்றாள்.

“வேற ஒருத்தன்னா விட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“ம்” என்றான். டீயை முழுவதும் குடித்தான். அம்மாவிடம் கண் மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சண்டை இல்லை, பேச்சு நிற்கவும் இல்லை. அதற்குப் பிறகும் வாரா வாரம் வருகிறான். சந்தையைப் பற்றி மட்டும் அவர்கள் பேசுவதில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் மேலாளர் அறைக்குப் போனாள். ரசீது பார்க்காமல் டிக் போட்டதையும், பொய்க் காரணம் தேர்ந்தெடுத்ததையும், அது தன் தம்பி கணக்கு என்பதையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருந்தாள்.

மேலாளர் தாளைப் படித்தார். கணினியில் அந்தத் தேதியைத் தேடினார். முகம் தெளிந்தது.

“அன்னைக்கு வாடிக்கையாளருக்கு லாபம்தானேம்மா வந்திருக்கு?”

“ஆமா சார்.”

“கம்பெனிக்கு நஷ்டம் இல்ல. புகார் இல்ல. நான் என்னன்னு எழுதுறது?”

“நான் பொய் சொன்னேன்னு எழுதணும் சார்.”

“விலை திரும்பாம இருந்திருந்தா அது தப்பு. நானே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். திரும்பிடுச்சே!” என்று தாளை அவள் பக்கமே தள்ளினார். “கொஞ்சம் களைப்பா தெரியுறீங்க. வேணும்னா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க.”

“வேண்டாம் சார். இதை என் ஃபைல்ல வைங்க.”

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளை வாங்கி இழுப்பறையில் போட்டார். ஃபைலில் வைப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஜோசியர் குனிந்து மெதுவாகக் கேட்டான். “என்னக்கா சொன்னாரு?”

“திரும்பிடுச்சாம்.”

“எது?”

“செம்பு” என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டியலின் முதல் எண்ணை அழுத்தினாள்.